பர்மிய உணவகத்தில் தமிழ்ப் பிள்ளைகள் கற்க வேண்டிய பாடம்

ரொறன்ரோ மாநகரில் உலகின் எல்லாத் திசைகளின் உணவும் கிடைக்கும் என்பது அந்நகரத்தவரின் பெருமைகளுள் ஒன்று. சீனர், இத்தாலியர், கிரேக்கர், எத்தியோப்பியர், கரிபியர் எனப் பல இனத்தவரின் உணவகங்கள் அங்கே நிறைந்துள்ளன. ஸ்காபரோவில் கொத்து ரொட்டியின் தாளமும் இடியப்பத்தின் ஆவியும் தமிழர் குடியேற்றத்தின் அடையாளங்களாகவே ஆகிவிட்டன. இவற்றோடு ஒப்பிடுகையில் அந்நகரின் பர்மிய உணவகங்கள் மிகச் சிலவே. விரல்விட்டு எண்ணக்கூடிய மேசைகளும் குடும்பத்தார் சிலரின் உழைப்புமாக நடைபெறும் அத்தகைய சிறிய உணவகங்களுக்குத் தமிழ்க் குடும்பங்கள் செல்லும் வழக்கம் பெரிதும் இல்லை. செல்வோரும் அதனைத் தாய்லாந்து உணவின் ஒரு கிளை என்றே எண்ணி உண்டு திரும்புகின்றனர்.

ஆயினும், அம்மேசையில் வைக்கப்படும் ஒவ்வொரு கோப்பையிலும் தமிழரின் நூற்றாண்டு கால வரலாறு ஒன்று ஊறிக் கிடக்கின்றது. அது செல்வம் ஈட்டிய வரலாறு; அனைத்தையும் இழந்து நடந்தே வெளியேறிய வரலாறு; மீண்டும் ஒருமுறை கப்பலேற்றி அனுப்பப்பட்ட வரலாறு. புலம்பெயர் மண்ணில் வளரும் பிள்ளைகளுக்கு இந்த வரலாறு சொல்லப்படுவதில்லை. சொல்லப்படும் சில இடங்களிலும் அதன் ஒரு பாதி மட்டுமே சொல்லப்படுகின்றது. அதனை முழுமையாகச் சொல்ல வேண்டிய தேவை இன்று எழுந்துள்ளது.

கோப்பைக்குள் இருக்கும் உறவு

பர்மியரின் காலை உணவான மொகிங்காவை முதன்முறை சுவைக்கும் யாழ்ப்பாணத்து முதியவர் ஒருவருக்கு அது அந்நியமாகத் தோன்றாது. கெளிற்று மீனை வேகவைத்து, வாழைத்தண்டும் இஞ்சியும் சேரையும் (எலுமிச்சைப் புல்லும்) இட்டு, வறுத்த கடலை மாவினால் தடிப்பாக்கிய அச்சாறு, ஒடியல் மாவினால் தடிப்பாக்கப்படும் மீன்கூழுக்கு ஒன்றுவிட்ட உறவு போன்றது. அதில் அரிசி நூடில்சும் அவித்த முட்டையும் சேர்கின்றன. மேலே பருப்புப் பொரியல் நொறுக்கித் தூவப்படுகின்றது. கூனி இறாலை மிளகாயுடனும் வெங்காயத்துடனும் பொரித்துச் செய்யும் பர்மியரின் தொடுகறி, ஈழத்துக் கூனிச் சம்பலை உடனே நினைவுக்குக் கொண்டுவரும்.

உறவு இவ்வளவில் நின்றுவிடவில்லை. பர்மியர் ‘பலாத்தா’ என்பது பரோட்டாவே. அவர்கள் ‘தோஷே’ என்பது தோசையே. சமூசாவை வெட்டிக் கோவாவும் புளியும் சேர்த்துப் பிசைந்து ‘சமூசா தோக்’ என உண்கின்றனர். ‘தோக்’ என்றால் கையால் பிசைந்து கலந்தது என்று பொருள். இச்சொல்லே சென்னையில் ‘அத்தோ’ ஆயிற்று. ‘பே’ எனும் பயறும் ‘ஜோ’ எனும் பொரியலும் சேர்ந்து சென்னையில் ‘பேஜோ’ ஆயின. சென்னைத் துறைமுகத்தின் எதிரே, பர்மா பசாரை அண்டிய தெருவோரக் கடைகளில் மாலை வேளைகளில் விற்கப்படும் அத்தோவை உண்ணும் இளைஞர்கள் பலருக்கு, அது அகதிகளின் கைவண்ணம் என்பது தெரியாது. செட்டிநாட்டு விருந்துகளில் இனிப்பாகப் பரிமாறப்படும் கவுனி அரிசியும் பர்மாத் தொடர்பினால் வந்தது என்றே கூறப்படுகின்றது. அந்நாட்டு மாளிகைகளின் தூண்களும் கதவுகளும் பர்மாத் தேக்கினால் ஆனவை.

இவ்வாறு உணவு இரு திசைகளிலும் பயணம் செய்தது. அதனைச் சுமந்து சென்றோர் யார், எவ்வாறு சென்றனர், எவ்வாறு திரும்பினர் என்னும் வினாக்களே இங்கு முதன்மையானவை.

இரங்கூனுக்குச் சென்றோர்

பிரித்தானியர் 1824 முதல் 1885 வரை நிகழ்த்திய மூன்று போர்களின் வழியாகப் பர்மாவைக் கைப்பற்றினர். 1937ஆம் ஆண்டு வரை அந்நாடு பிரித்தானிய இந்தியாவின் ஒரு மாகாணமாகவே ஆளப்பட்டது. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்ட பின்னர் ஐராவதி வடிநிலத்தின் நெல்லுக்கு உலகச் சந்தை விரிந்தது. காட்டை வெட்டி வயலாக்கப் பர்மிய உழவனுக்குப் பணம் தேவைப்பட்டது. ஆங்கிலேய வங்கிகள் அவனுக்குக் கடன் கொடுக்கவில்லை. நாட்டுக்கோட்டை நகரத்தார் கொடுத்தனர். 1930ஆம் ஆண்டளவில் அவர்களின் கடைகள் பர்மா எங்கும் ஆயிரத்துக்கு மேல் பரவியிருந்தன.

எனினும், பர்மா சென்ற தமிழருள் நகரத்தார் சிறு தொகையினரே. துறைமுகத்தில் மூட்டை சுமந்தோரும், நெல் அறுத்தோரும், அரிசி ஆலைகளில் வேலை செய்தோரும், கடைச் சிப்பந்திகளும், எழுதுவினைஞர்களும் அவர்களினும் பன்மடங்கு அதிகம். அவர்களோடு தெலுங்கரும் வங்காளியரும் ஒடியரும் சென்றனர். 1931ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி பர்மாவில் வாழ்ந்த இந்தியர் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். தலைநகர் இரங்கூனின் மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியரே. தன் நாட்டின் தலைநகரிலேயே பர்மியன் சிறுபான்மையினன் ஆனான் என்பது இதன் மறுபக்கம்.

சொல்லப்படாத பாதி

இந்த மறுபக்கத்தையே தமிழர் பெரும்பாலும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை.

1930களின் உலகப் பொருளாதார மந்தத்தின்போது நெல்லின் விலை ஏறத்தாழப் பாதியாக வீழ்ந்தது. பர்மிய உழவரால் கடனைத் திருப்பிச் செலுத்த இயலவில்லை. ஈடாக வைத்த நிலங்கள் கடன் கொடுத்தோரின் கைகளுக்குச் சென்றன. கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்களிடம் இருந்த நிலம் 6 விழுக்காடு. 1938இல் அது 25 விழுக்காடாயிற்று. அவர்கள் விரும்பியது நிலத்தை அன்று, பணத்தையே. நிலம் அவர்கள் மீது விழுந்தது என்று வரலாற்றாசிரியர் சிலர் எடுத்துக்காட்டியுள்ளனர். அது உண்மையே. ஆனால், பாட்டன் வெட்டித் திருத்திய வயலில் கூலியாக நிற்க நேர்ந்த பர்மிய உழவனுக்கு அந்த நுட்பமான வேறுபாட்டினால் ஆறுதல் ஏதும் கிட்டியிருக்க இயலாது.

1930இலும் 1938இலும் இரங்கூனில் இந்தியருக்கு எதிரான கலவரங்கள் வெடித்தன. 1930ஆம் ஆண்டுக் கலவரத்தில் முதலில் தாக்கப்பட்டோர் வட்டிக்குப் பணம் கொடுத்தோர் அல்லர். துறைமுகத்தில் மூட்டை சுமந்த தெலுங்குத் தொழிலாளரே தாக்கப்பட்டனர். கடன் பத்திரத்தில் கையெழுத்து ஒருவருடையது. அடி விழுந்தது வேறொருவர் முதுகில். இனத்தின் பெயரால் கணக்குத் தீர்க்கப்படும் இடமெல்லாம் நடப்பது இதுதான்.

நடந்தும் கப்பலேறியும்

1941ஆம் ஆண்டு திசம்பர் 23ஆம் நாள் யப்பானிய விமானங்கள் இரங்கூன் மீது குண்டு வீசின. அடுத்த ஆண்டு மார்ச்சு மாதம் நகரம் வீழ்ந்தது. ஏறத்தாழ 5 இலட்சம் இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினர். கப்பலில் இடம் கிடைத்தோர் சிலரே. ஏனையோர் அரக்கான் மலைகளைக் கடந்தும், தமு வழியாக இம்பாலுக்கும், வடக்கே ஊக்கோங் பள்ளத்தாக்கின் வழியாக அசாமுக்கும் நடந்தனர். வாந்திபேதியாலும் மலேரியாவாலும் பசியாலும் வழியிலேயே மாண்டோர் பல்லாயிரவர். அவர்களின் சரியான தொகையை எந்த அரசும் எண்ணி வைக்கவில்லை. வெள்ளையருக்கு ஒரு வழி, இந்தியருக்கு மற்றொரு வழி எனப் பாகுபாடு காட்டப்பட்டது என்ற குற்றச்சாட்டு அக்காலத்திலேயே இந்தியாவில் கடும் கண்டனத்தை எழுப்பியது.

அந்நடையில் தமிழறிஞர் வெ. சாமிநாத சர்மாவும் இருந்தார். இரங்கூனில் ‘ஜோதி’ என்னும் திங்களிதழை நடத்தி வந்த அவர், மனைவியுடன் இந்தியா வந்து சேர்ந்த துன்பத்தை ‘எனது பர்மா வழி நடைப் பயணம்’ என்னும் நூலாக எழுதினார். வன்னி மண்ணில் மூட்டை முடிச்சுகளுடன் இடம்பெயர்ந்து பின்னர் கனடா வந்தடைந்த எவரும், அந்நூலின் பக்கங்களில் தமது சொந்தக் காலடிகளைக் கண்டுகொள்வர்.

போர் முடிந்தபின் ஒரு பகுதியினர் திரும்பிச் சென்றனர். 1962 மார்ச்சு 2ஆம் நாள் தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1963, 1964ஆம் ஆண்டுகளில் வங்கிகளும் ஆலைகளும் கடைகளும் அரசுடைமையாக்கப்பட்டன. 1964 மே மாதத்தில் 50, 100 கியாற் நாணயத்தாள்கள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டன. பெட்டியில் சேமித்து வைத்த பணம் ஓரிரவில் வெறுங்காகிதம் ஆயிற்று. ஏறத்தாழ 3 இலட்சம் இந்தியர் சென்னைக்கும் விசாகப்பட்டினத்துக்கும் கப்பலேறினர். வாழ்நாள் உழைப்பை அங்கேயே விட்டுவிட்டே பெரும்பாலோர் புறப்பட்டனர். சென்னையில் அவர்களின் பிழைப்புக்காக 1969இல் உருவானதே பர்மா பசார். சென்னையில் பிழைக்க வழியின்றிப் பர்மாவுக்கே மீள முயன்று, எல்லையில் திருப்பி அனுப்பப்பட்டு, மணிப்பூரின் மோரே நகரில் தங்கிவிட்ட தமிழரும் உண்டு. அங்கே அவர்கள் கோயில் எழுப்பினர். தமிழ்ச் சங்கம் நிறுவினர். 2023ஆம் ஆண்டு மணிப்பூர் வன்முறையின்போது மோரேயும் எரிந்தது.

1964ஆம் ஆண்டுக்கு மற்றொரு முகமும் உண்டு. அதே ஆண்டின் ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராக்கப்பட்டிருந்த மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை அளிப்பது என்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது என்றும் இரு அரசுகள் தீர்மானித்தன. தீர்மானிக்கப்பட்டோரை எவரும் கேட்கவில்லை. ஒரே ஆண்டில், வங்கக் கடலின் இரு கரைகளிலும், தமிழ்த் தொழிலாளர் எண்களாக மாற்றப்பட்டனர். பர்மிய உணவகத்தில் பரிமாறப்படும் ‘லப்பெட் தோக்’ என்னும் புளிக்கவைத்த தேயிலைக் கலவையைக் காணும்போது, தேயிலை பறித்தோரின் இக்கதையும் பிள்ளைகளுக்கு நினைவூட்டத் தக்கது.

மறைப்பதனால் விளையும் கேடு

வட்டிக் கடையையும் நிலக் கணக்கையும் இளையோருக்குச் சொல்வது தமிழரின் நியாயத்தை வலுவிழக்கச் செய்யாதா என்று பெற்றோர் சிலர் வினவக்கூடும். ‘அவர்கள் சுரண்டினார்கள், ஆகவே விரட்டப்பட்டார்கள்’ என்று எதிர்த்தரப்பார் கூற அது வாய்ப்பளிக்கும் என்பது அவர்களின் அச்சம். இவ்வச்சம் புரிந்துகொள்ளத் தக்கதே. ஆனால், அது தவறான முடிவுக்கு இட்டுச் செல்கின்றது.

முதலாவதாக, இந்தத் தகவல்கள் எவராலும் மறைக்கக்கூடியவை அல்ல. பல்கலைக்கழகத்தின் முதலாம் ஆண்டிலேயே தமிழ் மாணவி ஒருத்தி அவற்றை ஏதேனும் ஒரு நூலில் படிப்பாள். வீட்டில் கேளாத உண்மையை வெளியாரிடம் கேட்கும் பிள்ளை, வீட்டில் கேட்ட ஏனைய அனைத்தையும் ஐயுறத் தொடங்குவாள். அந்த இழப்பு எந்த எதிர்த்தரப்பாரின் வாதத்தினாலும் விளையும் இழப்பைவிடப் பெரியது.

இரண்டாவதாக, முழு வரலாறே தமிழரின் நியாயத்தை உறுதியாக்குகின்றது. கடன் முறையில் கொடுமை இருந்ததென்றால் அதற்குரிய தீர்வு கடன் சட்டத்திலும் நிலச் சட்டத்திலும் இருந்தது. 1948இல் விடுதலை பெற்ற பர்மா நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. அது ஓர் அரசின் உரிமை. ஆனால் 1964இல் கப்பலேறியோருள் பெரும்பாலோர் எவருக்கும் ஒரு ரூபாய் கூடக் கடன் கொடுத்தறியாதவர். தேநீர்க் கடைக்காரர், தையற்காரர், பால்காரர். ஒரு சிலரின் செயலுக்கு ஓர் இனமே பொறுப்பு என்னும் கொள்கை தவறு என்று சொல்ல விரும்புவோர், முதலில் அந்தச் சிலரின் செயல் யாது என்பதை அஞ்சாது சொல்லக் கற்க வேண்டும். அதைச் சொல்லாதவரின் வாதம் பாதி வழியிலேயே நின்றுவிடும்.

மூன்றாவதாக, பர்மாவில் அக்கொள்கை இந்தியரோடு நின்றுவிடவில்லை. 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், 1823ஆம் ஆண்டுக்கு முன்னரே அந்நாட்டில் நிலைபெற்றிருந்த இனங்களுக்கே முழுக் குடியுரிமையில் முதலிடம் என்றது. அதாவது, பிரித்தானியரின் முதற் போருக்கு முந்தைய ஆண்டு எல்லைக்கோடாக்கப்பட்டது. அச்சட்டத்தின் முழுப் பாரமும் ரோகிங்யா மக்கள்மீது இறங்கியது. 2017 ஆகத்து மாதத்துக்குப் பின் 7 இலட்சத்துக்கும் மேற்பட்ட ரோகிங்யாக்கள் வங்காளதேசத்துக்கு ஓடினர். கனடிய நாடாளுமன்றத்தின் மக்களவை 2018 செப்டெம்பரில் அதனை இனப்படுகொலை என ஒருமனதாக ஏற்றது. ஓங் சான் சூ கீக்கு 2007இல் அளித்த மதிப்புறு குடியுரிமையும் அவ்வாண்டிலேயே மீளப் பெறப்பட்டது. அதே மக்களவைதான் 2022இல் மே 18ஆம் நாளைத் தமிழ் இனப்படுகொலை நினைவு நாளாக ஒருமனதாக ஏற்றது. தமது துயரத்துக்கு அவையில் இடம் கேட்ட மக்கள், அதே அவையில் இடம்பெற்ற பிறர் துயரத்தை அறியாதிருத்தல் அழகன்று.

‘பர்மியர்’ என்னும் ஒரு சொல்லுக்குள் பமார், கரேன், சான், சின், ரோகிங்யா, சீன வம்சாவளியினர், இந்திய வம்சாவளியினர் எனப் பலர் உள்ளனர். 2006 முதல் தாய்லாந்து எல்லை முகாம்களிலிருந்து ஆயிரக்கணக்கான கரேன் அகதிகளைக் கனடா ஏற்றுக்கொண்டது. ஒன்ராறியோவின் கிச்சினர் நகரில் ரோகிங்யா குடும்பங்கள் வாழ்கின்றன. 2021 பெப்ரவரி 1ஆம் நாள் இராணுவப் புரட்சிக்குப் பின் மேலும் பலர் நாடிழந்தனர். ஆகவே, ரொறன்ரோவின் ஒரு சிறு பர்மிய உணவகத்தின் அடுப்பங்கரையில் நிற்பவர், தமிழரைப் போலவே விரட்டப்பட்டவராகவும் இருக்கலாம். 1980களிலும் 1990களிலும் ரொறன்ரோ உணவகங்களின் பின்கட்டில் கோப்பை கழுவியும் காய்கறி நறுக்கியும் குடும்பத்தை நிலைநிறுத்திய தமிழ்த் தந்தையர் பலர். அந்நிலையை அவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

பெற்றோரும் இளையோரும் செய்யத்தக்கவை

இதற்குப் பெரும் திட்டங்கள் எவையும் வேண்டியதில்லை. ஒரு ஞாயிறு மதியம் குடும்பத்துடன் அத்தகைய உணவகத்துக்குச் செல்வது முதற்படி. மொகிங்காவையும் சமூசா தோக்கையும் தருவித்து, அவற்றின் பெயர்களில் ஒளிந்திருக்கும் தமிழ் உறவைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க விடலாம். உணவக உரிமையாளருக்கு ஓய்விருந்தால், அவர் எவ்வூரினர், எவ்வழியாக வந்தவர் என்று மதிப்புடன் கேட்கலாம். சொல்ல விரும்பாதவரை வற்புறுத்தலாகாது; மௌனத்துக்கும் காரணங்கள் உண்டு என்பதைத் தமிழர் அறிவர்.

இரண்டாவது, வீட்டிலும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பிலும் பர்மாவின் கதை சொல்லப்பட வேண்டும். புலம்பெயர்வு 1983இல் தொடங்கியது என்று எண்ணி வளரும் பிள்ளைக்கு, இரங்கூனும் மோரேயும் மலையகமும் ஒரே தொடரின் கண்ணிகள் என்பது தெரிய வேண்டும். மொழியைப் பற்றிய எச்சரிக்கையும் இக்கதையில் உண்டு. 1960களில் பர்மாவின் தனியார் பாடசாலைகள் அரசுடைமையான பின்னர் அங்குத் தமிழ்க் கல்வி கோயில் வளாகங்களின் வகுப்புகளுக்குள் ஒடுங்கிற்று. இன்று அங்கே கோயில் திருவிழாக்கள் சிறப்பாகவே நடைபெறுகின்றன. காவடியும் தீமிதிப்பும் உண்டு. ஆயினும் இளந்தலைமுறையினர் பலரின் பேச்சுமொழி பர்மியமே. அங்கே தமிழ்ப் பாடசாலையை மூடியது ஓர் அரசு. இங்கே அதனை மூட அரசு தேவையில்லை. பெற்றோரின் அசட்டையே போதும்.

மூன்றாவது, இளையோர் தம் குடும்பத்து முதியோரிடம் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். தமிழக வேர் கொண்ட குடும்பங்கள் பலவற்றில் ‘பர்மாத் தாத்தா’ ஒருவர் இருப்பார். ஈழத்துக் குடும்பங்களில் மலாயா சென்றவரோ, மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்தவரோ இருப்பார். அவர்கள் என்ன வேலை செய்தனர், யாரிடம் கடன் பட்டனர், யாருக்குக் கடன் கொடுத்தனர், எதை விட்டு வந்தனர் என்று நான்கு வினாக்களைக் கேட்டாலே ஒரு குடும்ப வரலாறு உருப்பெறும். விடைகளுள் பெருமைக்குரியவையும் இருக்கும், அல்லாதவையும் இருக்கும். இரண்டையும் ஒரே கைப்பட எழுதி வைத்தல் வேண்டும்.

பழைய பர்மாவில் வழக்கொன்று தீர்க்கப்பட்டதும், தீர்ப்பை ஏற்றுக்கொண்டமைக்கு அடையாளமாக லப்பெட் உண்ணும் வழக்கம் இருந்தது. பர்மியருக்கும் தமிழருக்கும் இடையிலான அந்தப் பழைய வழக்கு எந்த மன்றத்திலும் முறையாக விசாரிக்கப்படவில்லை. நிலத்தை இழந்த உழவனுக்கும் நீதி கிட்டவில்லை. வீட்டை இழந்த தொழிலாளிக்கும் கிட்டவில்லை. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ரொறன்ரோவில் ஒரே பாடசாலையில் பயிலக்கூடும். இரு தரப்பின் இழப்பையும் அறிந்த தமிழ்ப் பிள்ளை அவர்களோடு சமமாக அமர்ந்து பேச வல்லவளாவாள். தன் இழப்பை மட்டுமே அறிந்த பிள்ளைக்கு அது கூடாது. பிள்ளைகளை எவ்வாறு வளர்ப்பது என்னும் முடிவு பெற்றோரின் கைகளிலேயே உள்ளது.